இந்தச் சனி, ஞாயிறு என்ன விளையாடப் போகிறாய்? பிள்ளைகளிடம் நாம் கேட்க மறந்த கேள்வி

வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு நமது மக்தபில் வாரத்தின் கடைசி வகுப்பு. மறுநாள் ஜும்ஆ விடுமுறை. ஓதி முடித்த பிள்ளைகள் குர்ஆனை அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடும் சாக்கில் வாசலில் கூடி நின்று பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நமது காதில் அந்தப் பேச்சு விழுந்தது.

"சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வந்துடு. நாலு பேரும் ஒரே ஸ்குவாடு."

"நான் வரலடா. மைன்கிராஃப்ட்ல கோட்டை பாதியில நிக்குது. ரெண்டு நாளும் அதுதான்."

"எனக்கு வாப்பாவோட ஃபுட்பால் மேட்ச் இருக்கு."

நாம் வாசலுக்கு வந்தோம். பேச்சு சட்டென்று நின்றது. எல்லோரும் ஸலாம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

அந்த மௌனம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பிள்ளைகள் தங்களுக்குள் முகம் மலர்ந்து பேசிக்கொள்ளும் ஒரு விஷயம், பெரியவர் ஒருவரைக் கண்டதும் ஏன் மறைக்க வேண்டியதாகிவிடுகிறது? வார இறுதியில் எந்த விளையாட்டை, யாரோடு விளையாடப் போகிறான் என்பது அவன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் தெரிகிறது. பெற்றவர்களுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

நாமும் இப்படித்தான் இருந்தோம்

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் நமக்கு வார இறுதி என்பது வியாழன் மதியம் தொடங்கி வெள்ளி மாலை முடியும். வியாழன் காலைப் பாடத்தின்போதே பின்வரிசையில் கிசுகிசுப்பு கிளம்பிவிடும். நாளை கிரிக்கெட்டா, கபடியா? யார் எந்த அணி? பந்து வாங்க யாரிடம் காசு இருக்கிறது? உண்மையில் அந்தத் திட்டமிடலில் இருந்த சந்தோஷம் மறுநாள் ஆட்டத்தில்கூட இருந்ததில்லை.

நமது உஸ்தாத் ஒருவர் வியாழன் பாடம் முடிந்து கிதாபை மூடியதும், "நாளைக்கு என்ன ஆட்டம்?" என்று கேட்பார். நாங்கள் சொல்லுவோம். "அஸருக்கு ஸஃப்பில் எல்லாரையும் பார்க்கணும்" என்பார். அவ்வளவுதான். அவர் மைதானத்துக்கு வந்து காவல் காத்ததில்லை. ஆனாலும் அஸர் ஜமாஅத்தை விட்டுவிட்டு விளையாட எங்களுக்கு மனம் வந்ததில்லை. என்ன விளையாடுகிறோம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது; அவர் தடுக்கவும் இல்லை. அப்படிப்பட்டவரை ஏமாற்றுவது எங்களுக்குக் கடினமாக இருந்தது.

இந்தப் பாடத்தை நாம் நமது வீட்டிலேயே மறந்துபோனோம் என்பதுதான் வேதனை.

நமது வீட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, "நம் வீட்டில் கேம் கிடையாது" என்று ஒரே வார்த்தையில் சட்டம் போட்டிருந்தோம். மகன் அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன் என்பான். நமக்கும் அது திருப்தியாக இருந்தது.

ஒரு நாள் அந்த வீட்டுச் சகோதரி நமது வீட்டுக்கு வந்து அழுதார். அவர் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். சீட்டுக்குக் கட்ட அனுப்பிய பணத்தில் ஏழாயிரம் ரூபாய் குறைகிறது. வங்கியில் போய்க் கேட்டால், மூன்று வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் அவர் மகன்தான் செல்போனில் பணம் கட்டுவான். அதனால் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். அவனோடு சேர்ந்து அதே கணக்கில் விளையாடியது நமது மகன்.

அன்று இரவு மகனை உட்கார வைத்துக் கேட்டோம். கோபத்தோடுதான் கேட்டோம். அவன் வெகுநேரம் தலையைக் குனிந்தே இருந்துவிட்டுச் சொன்னான்: "நீங்க ஒரு நாளும் என்ன விளையாடுறேன்னு கேட்டதே இல்லையே வாப்பா. விளையாடக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னீங்க."

பணத்தில் பாதியை நாம் கொடுத்தோம். அதைப் பெரிய இழப்பாக நாம் கருதவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் மனதை அறிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரின் மகன், தன் சனிக்கிழமைகளை ஒன்றரை வருடம் அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தான். அந்த இழப்பைத்தான் ஈடுகட்டக் காலம் பிடித்தது.

கேட்பது ஸுன்னத்தான வழி

விளையாட்டு என்றாலே வீண், வீண் என்றாலே ஹராம் என்று ஓட்டமாக ஓடிவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களின் வீட்டு வாழ்க்கை அப்படி இருக்கவில்லை.

ஒரு பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், காற்றில் திரை விலகியபோது ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைக் கண்டார்கள். இவை என்ன என்று கேட்டார்கள். என் பொம்மைகள் என்று பதில் வந்தது. அவற்றின் நடுவே துணியால் செய்த ஒன்றைக் காட்டி அது என்ன என்றார்கள். குதிரை என்றார்கள் ஆயிஷா (ரலி). அதன்மேல் இருப்பது என்ன? இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்தபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். அதைக் கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையோடு விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரைக் காணும்போது அந்தப் பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரிப்பார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது.

இரண்டு நிகழ்வுகளிலும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் தலைவர், ஒரு பொம்மையைப் பற்றியும் ஒரு பறவையைப் பற்றியும் கேட்கிறார்கள். பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். முதல் வார்த்தையே தீர்ப்பாக இருக்கவில்லை.

எல்லா வீடியோ கேமும் ஆகும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டவில்லை. ஆகுமானதா, ஆகாததா என்று சொல்லும் முன், அது என்னவென்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும். வியாழன் இரவோ வெள்ளி மாலையோ, சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி உட்காரும் நேரத்தில் கேட்கலாம்.

முதல் கேள்வி: என்ன விளையாட்டு?

"கேம்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

மைன்கிராஃப்ட் 2011-இல் முழு வடிவில் வெளியானது. கட்டைகளை அடுக்கி வீடு, கோட்டை, பாலம் என்று கட்டிக்கொண்டே போகலாம். பள்ளிகளில் பாடம் நடத்துவதற்கென்றே அதற்குத் தனிப் பதிப்பு உண்டு. கோட்டை பாதியில் நிற்கிறது என்று ஒரு பையன் சொன்னால், பாதி வரைந்த படத்தை முடிக்க நினைக்கும் பிள்ளையைப் போலத்தான் அவனும்.

ரோப்லாக்ஸ் என்று பிள்ளை சொன்னால் கேள்வி அங்கே முடியவில்லை. அது ஒரே விளையாட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் விளையாட்டு உருவாக்கி உள்ளே வைக்கக்கூடிய பெரிய சந்தை. மீன் கடையும் அங்கே உண்டு, பேய் வீடும் உண்டு. அதற்குள் எந்த விளையாட்டு என்று கேட்க வேண்டும்.

நமது ஊர் வாலிபர்கள் அதிகம் சொல்வது தீவில் இறங்கிச் சுடும் விளையாட்டுகள். பப்ஜியில் நூறு பேர் வரை பாராசூட்டில் இறங்குவார்கள். விளையாடும் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை நிற்பவர் வெற்றியாளர். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், ஆட்டம் இன்னும் சிறியது. பப்ஜி மொபைலை இந்திய அரசு 2020 செப்டம்பரில் முடக்கியது. அதன் இந்தியப் பதிப்பு 2021-இல் வந்து, 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. அப்போது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைப்பட்டது. ஆனால் அதன் மேக்ஸ் பதிப்பில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டேதான் இருந்தார்கள். அரசாங்கத்தின் தடையாலும் வீட்டுக்குள் நடக்க வேண்டிய பேச்சை நடத்திக் கொடுக்க முடியவில்லை.

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயதுக் குறிப்பு இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை 16+ விளையாட்டைச் சொன்னால், ஏன் அந்த எண் போடப்பட்டிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து திறந்து பாருங்கள். இரத்தம், ஆபாச உடை, ஷிர்க்கான சடங்குகள், கெட்ட வார்த்தை என்று எது இருந்தாலும் அங்கேயே பேசி முடிவெடுக்கலாம். பகடை உருட்டும் விளையாட்டுகள் குறித்து இமாம்கள் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். லூடோ போன்றவற்றில் சந்தேகம் வந்தால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: யாரோடு?

முதல் கேள்வியைவிட இது முக்கியமானது. ஒரே விளையாட்டை மாமன் மகனோடு விளையாடுவது வேறு, முகம் தெரியாத ஒருவரோடு காதில் மைக் மாட்டிக்கொண்டு நள்ளிரவில் விளையாடுவது வேறு.

ஆன்லைன் விளையாட்டுகள் பலவற்றில் ஆள் குறைந்தால் விளையாட்டே முன்பின் தெரியாதவர்களை அணியில் சேர்த்துவிடும். மைக் திறந்திருந்தால் வீட்டுப் பேச்சு அவர்களுக்கும், அவர்கள் வாயில் வருவது நம் பிள்ளைக்கும் கேட்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளை இந்த வார்த்தையை எங்கே கற்றான் என்று நாம் திகைப்போம். பெரும்பாலும் அங்கேதான். அதைவிட ஆபத்து, சில நாள் பழக்கத்தில் போன் நம்பரும் படமும் கேட்கும் மனிதர்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம்.

எனவே மூன்று விதிகள் போதும். தெரிந்தவர்களோடு மட்டும் அணி. தெரியாதவர் வந்தால் மைக் அணைப்பு. யாராவது படம், நம்பர், வீட்டு விலாசம் கேட்டால் உடனே வாப்பாவிடமோ உம்மாவிடமோ சொல்வது. சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம் என்று நாமும் வாக்குக் கொடுக்க வேண்டும். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் ஆபத்தான விஷயங்களைச் சொல்லாமல் விழுங்குகிறார்கள்.

இனி, வாப்பாவோடு ஃபுட்பால் மேட்ச் என்று சொன்ன அந்தப் பையனிடம் வருவோம். அவனிடம் தனியாகக் கேட்டோம். அவன் வாப்பா ரியாத்தில் வேலை. சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை. இங்கே பள்ளிக்குச் சனியும் ஞாயிறும். இருவருக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி மட்டும். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே மாலை ஆறு. அந்த நேரத்தில் இருவரும் போனில் ஒரு கால்பந்து விளையாட்டைத் திறக்கிறார்கள். மூன்று ஆட்டம். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம்.

"வீடியோ கால்ல பேசினா, நல்லா படிக்கிறியா, தொழுறியா, இவ்வளவுதான் ஹஜ்ரத் கேப்பாங்க. அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது. கோல் போட்டா மட்டும் வாப்பா சத்தமா சிரிப்பாங்க. ஆட்டத்துக்கு நடுவுல நான் ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லிடுவேன்" என்றான்.

வளைகுடாவில் தகப்பனும் ஊரில் பிள்ளையுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் தகப்பன் வீட்டுக்குள் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். மூன்று ஆட்டக் கால்பந்து அந்த இடைவெளியில் ஒரு சிறு பாலம் போடுகிறது என்றால், அதை வீண் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 2022 முதல் அங்கே வெள்ளி அரை நாளும் சனி, ஞாயிறும் விடுமுறை.

மூன்றாவது கேள்வி: எப்போது தொடங்கி எப்போது முடிப்பாய்?

வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். பையன் "அஞ்சு நிமிஷம்" என்கிறான். கால் மணி நேரம் ஆகிறது. கோபத்தில் உம்மா போனைப் பிடுங்குகிறார். பையன் கத்துகிறான். பாசமில்லாதவன், மரியாதை தெரியாதவன் என்று வார்த்தைகள் பறக்கின்றன.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தனியாக விளையாடும் விளையாட்டை எந்த நேரமும் நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆன்லைனில் பலரோடு ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பப்ஜி போன்ற ஒரு முழு ஆட்டம் அரை மணி நேரம் வரை ஓடும். பாதியில் விட்டால் கூட இருக்கும் மூன்று நண்பர்களை நட்டாற்றில் விட்டதாகும். கபடி ஆட்டத்தின் நடுவே காதைப் பிடித்து இழுத்து வந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

எனவே, எத்தனை நிமிடம் என்பதோடு எத்தனை ஆட்டம் என்றும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டம் என்றால் இரண்டு ஆட்டம். கூடவே ஒரு விதி: பாங்கு சொல்ல நாற்பது நிமிடம் இருந்தால் மட்டுமே புதிய ஆட்டம் தொடங்கலாம். தொழுகை நேரத்தை மையமாக வைத்து விளையாட்டைத் திட்டமிட்டால், தொழுகைக்கும் விளையாட்டுக்கும் நடுவே பிள்ளை இழுபட வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை நமது வீட்டில் கொண்டுவந்த பிறகு "அஞ்சு நிமிஷம்" என்ற சொல் பெருமளவு குறைந்தது.

இரவு பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு இரண்டு மணிவரை விளையாடியவனுக்கு ஞாயிறு பஜ்ர் கிடைக்காது. லுஹர்வரை தூங்கினால் ஞாயிறு இரவும் தூக்கம் வராது. திங்கட்கிழமை வகுப்பில் கண் சொக்கும். வார இறுதியின் ஒரு இரவு அடுத்த வாரத்தின் பாதியைத் தின்றுவிடுகிறது. இஷாவுக்குப் பின் ஒரு நேரத்தைக் குறித்து, அதன் பிறகு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்றால் வாப்பாவின் போனும்தான்.

இதை அரசாங்கங்களே செய்து பார்த்திருக்கின்றன. சீனா 2021 செப்டம்பர் முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் அரசு விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே ஆன்லைன் விளையாட்டு விளையாடலாம் என்று விதித்தது. தென்கொரியா 2011-இல், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் விளையாட்டைத் தடுத்தது. பிள்ளைகள் கணினியை விட்டுச் செல்போனுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சட்டம் செல்போன் விளையாட்டுகளைத் தொடவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் அதைக் கைவிட்டு, நேரத்தைப் பெற்றோரும் பிள்ளையும் தேர்ந்துகொள்ளும் முறைக்கே அந்நாடு திரும்பியது. சுற்றிச் சுற்றி விஷயம் வீட்டுக்குத்தான் வருகிறது.

எப்போது பயப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கேடு வந்த பிறகும் தொடர்வது. பொதுவாக ஓராண்டு அளவுக்கு இது நீடித்து, படிப்பும் உறவும் தூக்கமும் பாதிக்கப்பட்டால்தான் மருத்துவர்கள் நோய் என்பார்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம் விளையாடும் எல்லாப் பிள்ளையையும் அடிமை என்று பட்டம் சூட்ட வேண்டாம். உண்மையாகவே இந்த மூன்றும் தெரிந்தால் ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நான்காவது கேள்வி: காசு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் பக்கத்து வீட்டுச் சகோதரி அழுதார்.

போனில் இறக்கும் பெரும்பாலான விளையாட்டுகள் இலவசம். பிறகு அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து? உள்ளே விற்கும் பொருட்களில் இருந்து. வைரம், நாணயம், புள்ளி என்று ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பெயர். நமது ரூபாயை முதலில் வைரமாக்கி, வைரத்தைச் சட்டையாகவும் துப்பாக்கி வண்ணமாகவும் மாற்றுகிறார்கள். எண்பது ரூபாய் என்றால் பிள்ளை யோசிப்பான். நூறு வைரம் என்றால் யோசிக்க மாட்டான். தினமும் வந்தால் பரிசு, இந்த வார இறுதிக்குள் வாங்காவிட்டால் போய்விடும் என்ற அறிவிப்பு, இவையெல்லாம் அவனை அவசரப்படுத்துவதற்காகவே வைத்தவை. சனி, ஞாயிறில் சிறப்பு நிகழ்ச்சிகள் வருவதும் அதனால்தான். அன்றுதான் அவன் கையில் நேரமும் இருக்கிறது, போனும் இருக்கிறது.

இதில் மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். இன்ன விலை, இன்ன பொருள் என்று தெரிந்து வாங்குவது ஒரு வியாபாரம். அது தேவையா, வீண் விரயமா என்று பேசலாம். மூடிய பெட்டிக்குக் காசு கொடுத்து, உள்ளே மதிப்புள்ளது வருமா, குப்பை வருமா என்று அதிர்ஷ்டத்தை எதிர்பார்ப்பது வேறு. சுழலும் சக்கரமும் அதே வகைதான். காசை வைத்துவிட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருக்கும் சூதின் சாயல் அதில் தெளிவாக இருக்கிறது. அதை விட்டு விலகுவதே பேணுதல்.

ஆலிம்கள் மட்டும்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல், காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு செய்தது. பிரபலமான ஒரு கால்பந்து விளையாட்டை நடத்தும் நிறுவனம், 2019 தொடக்கத்தில் அந்நாட்டில் அதற்கான புள்ளிகளை விற்பதையே நிறுத்தியது. ஆக, கால்பந்து என்பதால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. ரியாத் வாப்பாவும் மகனும் ஆடுவது வெறும் நட்பு ஆட்டம். பெட்டி வாங்குவதில்லை என்பதை அந்தப் பையனே நம்மிடம் பெருமையாகச் சொன்னான்.

காசு கட்டிக் காசு வெல்லும் ரம்மி, போக்கர் போன்றவை வேறு கணக்கு. அவை ஐயத்துக்கு இடமின்றிச் சூது. அத்தகைய ஆன்லைன் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் தடை செய்கிறது.

செய்ய வேண்டியவை சில. பணப் பரிமாற்ற ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே தெரியும் என்றால் இன்றே மாற்றுங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். சிறு பிள்ளைகளின் போனுக்கு கூகுள் ஃபேமிலி லிங்க் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நேர வரம்பும், புதிய விளையாட்டை இறக்க உங்கள் அனுமதியும் வைக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் வைக்காதீர்கள். சொல்லிவிட்டு வையுங்கள்.

எப்படிக் கேட்பது?

நான்கு கேள்வியையும் காவல் நிலையத்தில் கேட்பது போலக் கேட்டால் நான்கு பொய் கிடைக்கும். முதல் இரண்டு வாரம் "என்ன விளையாடப் போறே?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கோட்டையைக் காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். முடிந்தால் ஒரு ஆட்டம் நீங்களும் ஆடித் தோற்றுப்போங்கள். தன்னைவிட வாப்பாவுக்கு ஒன்று தெரியவில்லை என்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் மகிழ்ச்சி தனி.

பெண் பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களும் விளையாடுகிறார்கள். கேட்பவர் இல்லாததால் யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வார இறுதித் திட்டத்தையும் சொல்லுங்கள். சனிக்கிழமை நன்னியைப் பார்க்கப் போகிறோம், ஞாயிறு அஸருக்குப் பின் கடற்கரை, நடுவில் உனக்கு இரண்டு மணி நேரம் என்றால் பிள்ளையே கணக்குப் போடுவான். வேறு எதுவுமே இல்லாத சனிக்கிழமையை அவன் கையில் கொடுத்துவிட்டு, போனை மட்டும் பார்க்காதே என்றால் அவன் எங்கே போவான்? நாம் வளர்ந்த தெருவில் காலி மனை இருந்தது. இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அதற்கு அவன் பொறுப்பில்லை.

நமது வீட்டில் இப்போது வெள்ளி இரவு இந்தக் கேள்வி வழக்கமாகிவிட்டது. எல்லா வாரமும் சுமுகமாகப் போகிறது என்று சொல்ல மாட்டோம். இரண்டு ஆட்டம் மூன்றான வாரங்கள் உண்டு. நாம் குரல் உயர்த்திய வாரங்களும் உண்டு. ஆனால் எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரியாத சனிக்கிழமை ஒன்றுகூட அதன்பின் வந்ததில்லை.

போன வியாழன் மக்தப் வாசலில் மறுபடியும் அதே கூட்டம். நாம் போனதும் பேச்சு நின்றது. "என்ன, இந்த வாரம் எந்த ஸ்குவாடு?" என்று கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைன்கிராஃப்ட் பையன்தான் முதலில் வாய் திறந்தான்: "கோட்டை முடிஞ்சிருச்சு ஹஜ்ரத். இப்ப பள்ளிவாசல் கட்டுறேன். மினாராதான் சரியா வரல." அங்கேயே நின்று, நமது ஊர்ப் பள்ளி மினாராவைக் காட்டி, எத்தனை அடுக்கு என்று எண்ணச் சொன்னோம்.

உங்கள் வீட்டிலும் இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளின் நேரத்திலும் நம் செவிகளின் பொறுமையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.